ஓக் வாடல் நோய்

ஓக் வாடல் நோய் என்பது ஓக் மரங்களைத் தாக்கி அழிக்கும் ஒரு பூஞ்சை நோய் ஆகும். பிரெட்சியெல்லா ஃபேகாசியாரம் என்னும் பூஞ்சை இந்நோயை உண்டாக்குகிறது. 2017 வரை இது செரட்டோசிஸ்டிஸ் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1940களில் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இந்நோய் அடையாளம் காணப்பட்டது. பின்னர் அந்நாட்டின் கிழக்கு, மத்திய மாநிலங்கள் பலவற்றிலும் டெக்சாஸிலும் கண்டறியப்பட்டது. கனடாவில் 2023 ஆம் ஆண்டு ஒன்டாரியோ மாகாணத்தில் முதன்முறையாக உறுதி செய்யப்பட்டது.

நோய் உண்டாகும் விதம்

வேரிலிருந்து இலைகளுக்கு நீரைக் கடத்தும் சைலம் குழாய்களில் பூஞ்சை வளர்கிறது. அதனைத் தடுக்க மரம் தன் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. இதனால் மண்ணில் ஈரம் இருந்தும் இலைகள் நீரின்றி வாடுகின்றன.

அறிகுறிகள்

- சிவப்பு ஓக் வகைகள்: இலையின் நுனியும் ஓரமும் முதலில் பழுப்பு நிறமாகும். கோடையிலேயே இலைகள் உதிரும். உதிர்ந்த இலைகளிற் பாதி பச்சையாகவே இருக்கக்கூடும். மரம் சில வாரங்களில் இறந்துவிடும்.
- டெக்சாஸின் பசுமைமாறா ஓக் மரங்கள்: இலை நரம்புகள் மஞ்சளாகிப் பின் பழுப்பாகும். பெரும்பாலான மரங்கள் சில மாதங்களில் இறக்கும்.
- வெள்ளை ஓக் வகைகள்: ஓரிரு கிளைகள் மட்டும் காயும். மரம் பல ஆண்டுகள் வாழலாம். சில பிழைத்துக்கொள்வதும் உண்டு.

வறட்சியாலும் பிற நோய்களாலும் இலைகள் வாடக்கூடும் என்பதால் ஆய்வகச் சோதனை தேவைப்படுகிறது.

பரவும் முறை

அருகருகே நிற்கும் ஓக் மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று ஒட்டி வளர்கின்றன. அவ்வழியே நோய் அடுத்த மரத்திற்குச் செல்கிறது. தொலைவிலுள்ள மரங்களுக்கு வண்டுகள் இதனைக் கொண்டு செல்கின்றன. இறந்த சிவப்பு ஓக் மரப்பட்டையின் கீழ்ப் பாய் போன்று வளரும் பூஞ்சை, பழ வாசனையால் சாறுண்ணும் வண்டுகளை ஈர்க்கிறது. வித்துகள் ஒட்டிய வண்டுகள் வேறு ஓக் மரத்தின் புதிய காயத்தை நாடும்போது அம்மரமும் நோயுறுகிறது.

கட்டுப்படுத்தும் முறைகள்

நோயுற்ற மரத்தை உறுதியாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. எனவே தடுப்பே முதன்மையானது.

- வண்டுகள் மிகுந்த பருவத்தில் கவாத்து செய்தல் கூடாது. டெக்சாஸில் இது பிப்ரவரி முதல் ஜூன் வரையாகும்.
- பிற மரங்களின் வெட்டுக்காயங்களுக்கு வண்ணம் பூசுதல் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. ஆனால் நோய் உள்ள பகுதிகளில் ஓக் மரத்தின் காயத்திற்கு உடனே பூச வேண்டும்.
- நோயுற்ற மரங்களைச் சுற்றி அகழி வெட்டி வேர் இணைப்புகளைத் துண்டிக்கலாம். டெக்சாஸில் குறைந்தது 4 அடி ஆழமும், அறிகுறி தென்படும் மரங்களிலிருந்து 100 அடி இடைவெளியும் பரிந்துரைக்கப்படுகின்றன. மரத்தை வெட்டி அகற்றுவதற்கு முன்பே இதனைச் செய்தல் நன்று.
- புரோபிகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லியை அடிமரத்தில் ஊசி மூலம் செலுத்தி, நலமாக உள்ள அண்டை மரங்களைக் காக்கலாம். எனினும் வேர் வழியாக நோய் பரவுவதை இது நிறுத்துவதில்லை.
- இறந்த சிவப்பு ஓக் மரத்தை எரித்தோ புதைத்தோ அழிக்க வேண்டும். உலராத விறகை வேறு ஊர்களுக்குக் கொண்டு செல்லுதல் கூடாது.