பூனையின் புண்ணில் தைலம் தடவலாமா?

மாணவர்களே, தேக்கா கடைவீடுகளின் நடைபாதையில் பூனை சுருண்டு படுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கலாம். வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. உரிமம் பெற்று, ஒரு வீட்டில் இரண்டு பூனைகள்வரை வளர்க்கலாம்.

அந்தப் பூனை வாலின் அடிப்பகுதியை ஓயாமல் நக்குகிறது. முடி கொட்டி, தோல் சிவந்து, புண்ணாகிவிட்டது. உங்கள் கை அலமாரியில் இருக்கும் தைலத்தைத் தேடும். சற்றுப் பொறுங்கள்!

முதலில், அரிப்பு ஏன் தீரவில்லை? தெள்ளுப்பூச்சி கடிக்கும்போது அதன் உமிழ்நீர் தோலுக்குள் செல்கிறது. அதை எதிர்த்து உடல் ஹிஸ்டமினை வெளியிடுகிறது, அரிப்பு தொடங்குகிறது. பூனையின் நாக்கிலோ, நம் நகத்தைப் போலக் கெரட்டினால் ஆன, பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் உள்ளன. நக்க நக்கத் தோல் கிழிகிறது. கிழிந்த தோல் மேலும் அரிக்கிறது. மருத்துவர் பூனையின் கழுத்தில் கூம்பு மாட்டிவிடுவது இந்தச் சுழற்சியை நிறுத்தத்தான்.

தைலம் ஏன் கூடாது? நம் கல்லீரல் பல மருந்துகளைக் குளுகுரோனிக் அமிலத்துடன் இணைத்து, நீரில் கரையும்படி மாற்றி வெளியேற்றுகிறது. இதற்கு உதவும் முக்கிய நொதி ஒன்றின் மரபணு பூனையிடம் செயலிழந்து கிடக்கிறது. சிங்கத்திடமும் அப்படித்தான்! இறைச்சியை மட்டுமே உண்ணும் விலங்குகளுக்குத் தாவர நச்சுகளை முறிக்கும் தேவை குறைவு என்பதே இதற்கு அறிவியலாளர்கள் தரும் விளக்கம்.

கோடாலித் தைலத்தில் உள்ள மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்தது. பூனையின் உடலில் ஆஸ்பிரின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகும். தடவிய தைலத்தைப் பூனை நக்கி விழுங்கியும் விடும். தேயிலை மர எண்ணெயும் அதற்கு நஞ்சு. ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரைகூட அதன் உயிரைப் பறிக்கக்கூடும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் சுமார் 4.5 கிராம் உப்பைக் கரைத்தால் 0.9 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். உடல் திரவத்தின் அடர்த்தியை ஒத்திருப்பதால் சவ்வூடு பரவலால் செல்கள் சுருங்கா, வீங்கா. கையுறை அணிந்து, பெரியவர் ஒருவர் துணையுடன் புண்ணை இதனால் மெதுவாகத் துடையுங்கள். பிறகு விலங்கு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆறாத புண்ணை, குறிப்பாக மூக்கின்மேல் உள்ளதை, வெறுங்கையால் தொடாதீர்கள். சிங்கப்பூர், மலேசியப் பூனைகளிடம் காணப்படும் ஸ்போரோத்ரிக்ஸ் பூஞ்சை 25 டிகிரி செல்சியஸில் இழையாகவும், உடல் வெப்பத்தில் ஈஸ்ட்டாகவும் வளரும். பூனை பிறாண்டினால் நமக்கும் தொற்றும். சிகிச்சை பல மாதங்கள் நீடித்தாலும், இது குணப்படுத்தக்கூடிய நோய்தான்.

மருத்துவரிடம் செல்லும்போது, அரிப்பு தொடங்கிய நாளைக் குறித்துச் செல்லுங்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே தைலம் தடவியிருந்தால், திட்டு விழுமே என்று மறைக்காதீர்கள். எந்தத் தைலம், எப்போது தடவியது என்று சொல்லுங்கள். மருத்துவருக்கு முதலில் தேவைப்படும் தகவல் அதுதான்.