புகைக்குப் பின்னால் ஒரு விளக்கு

நியூயார்க்கின் ராயல் ரூஸ்ட் கிளப், 1948. டெக்ஸ்டர் கார்டன் சாக்ஸபோனை மடியில் சாய்த்து ஓய்வாக உட்கார்ந்திருக்கிறார். கையில் சிகரெட், அவர் விட்ட புகை வெண்மையாகச் சுருண்டு மேலே எழுகிறது. ஹெர்மன் லெனார்ட் எடுத்த இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் கார்டன் வாசிக்கவில்லை. ஆனாலும் ஜாஸ் என்றதும் உலகெங்கும் பலருக்கு நினைவில் எழுவது இந்தக் காட்சிதான்.

புகை இத்தனை பளிச்சென்று விழுந்தது எப்படி? சிகரெட் புகைத் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானைவிடச் சிறியவை. அவற்றின் மேல் படும் ஒளி எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறாது. தான் போகும் திசையிலேயே அதிகம் சிதறும். கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் வெயிலை நோக்கி நின்றால் தூசி மின்னும். வெயிலுக்கு முதுகு காட்டினால் மங்கிவிடும். புகையும் அப்படித்தான். காமிராவின் பக்கத்திலிருந்து ஃபிளாஷ் அடித்தால் அது எடுபடாது.

ஆட்டவாவில் யூசுஃப் கார்ஷிடம் உருவப்படக் கலை பயின்ற லெனார்டுக்கு விளக்கின் இடம்தான் எல்லாம். மேடை விளக்கின் அருகே ஒரு ஃபிளாஷ், கலைஞருக்குப் பின்னால் இன்னொன்று. அதனால் கிளப்பின் இருள் கலையவில்லை. முகமும் புகையும் மட்டும் ஒளிர்ந்தன.

அவர் கையில் இருந்தது ஸ்பீட் கிராஃபிக் காமிரா. அதில் 4 அங்குலத்துக்கு 5 அங்குல ஃபிலிம் தாள்களை ஒவ்வொன்றாகப் பயன்படுத்த வேண்டும். சரமாரியாக எடுத்துத் தள்ள முடியாது. கலைஞரைக் கவனித்து, சரியான கணத்துக்குக் காத்திருந்தே ஆக வேண்டும்.

அது பீபாப் என்ற ஜாஸ் பாணி வளர்ந்த காலம். பெரிய நடனக் குழுக்கள் கலைந்து, நான்கைந்து பேர் சின்னக் கிளப்புகளில் வேகமும் சிக்கலும் நிறைந்த புதிய இசையை வாசித்தார்கள். சுற்றுப்பயணம் போன பல ஊர்களில் கறுப்பினக் கலைஞர்களுக்கு ஓட்டல் அறைகூட மறுக்கப்பட்டது. அந்த நாளில் அவர்களை ஆழ்ந்து சிந்திக்கும் கலைஞர்களாக, முழு மரியாதையோடு காட்டின இந்தப் படங்கள். லெனார்டின் பெரிய சாதனை அதுவே.

2005இல் கத்ரீனா புயல் அவருடைய நியூ ஆர்லியன்ஸ் வீட்டில் இருந்த சுமார் 8,000 பிரதிகளை அழித்தது. நெகட்டிவ்கள் அருங்காட்சியகப் பெட்டகத்தில் இருந்ததால் தப்பின.

அதே காலத்தின் இன்னொரு ஜாஸ் படக்காரர் வில்லியம் காட்லீப். 1938 முதல் 1948 வரை அவர் எடுத்த 1,600க்கும் மேற்பட்ட படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. 2010 முதல் அவை பொதுவுடைமை. இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பார்க்கும்போது, விளக்கு எங்கே இருந்திருக்கும் என்று ஒவ்வொரு படத்திலும் தேடுங்கள். படக்காரரின் உழைப்பு அங்கேதான் புலப்படும்.