தீவுகளை இணைக்கும் வான்வழி

பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹொனலுலுவிலிருந்து குவாம் தீவிற்கு இடைநில்லா வானூர்தி ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் சென்றடைகிறது. அதே இரண்டு ஊர்களுக்கிடையே வேறொரு வானூர்தியும் பறக்கிறது. அது வழியிலுள்ள மஜூரோ, குவாஜலீன், கோஸ்ரே, போன்பே, சூக் ஆகிய தீவுகளில் இறங்கிச் செல்கிறது. பயணம் முடியப் பதினான்கு மணி நேரத்திற்கும் மேலாகிறது. கோஸ்ரேயில் மட்டும் அது எல்லா நாள்களிலும் இறங்குவதில்லை. விரைவான வழி இருக்க, இத்தகைய நீண்ட வழி பயண அட்டவணையில் ஏன் இடம்பெறுகிறது?

விடை, எளிய கணக்கு ஒன்றில் அடங்கியுள்ளது. இவ்வழியில் மொத்தம் ஏழு நிலையங்கள் உள்ளன. ஒவ்வொரு நிலையத்தையும் மற்றெல்லா நிலையங்களோடும் நேரடியாக இணைக்க வேண்டுமெனில் 21 வழித்தடங்கள் தேவைப்படும். கோஸ்ரேயிலிருந்து சூக்கிற்குச் செல்வோர் ஒரு நாளில் மிகச் சிலரே. அவர்களுக்காக ஏறத்தாழ 160 இருக்கைகள் கொண்ட வானூர்தியைத் தனியே இயக்கினால் எரிபொருள் செலவிற்கே வருவாய் போதாது. ஏழு நிலையங்களையும் ஒரே வரிசையில் கோத்தாலோ ஆறு கட்டப் பறத்தலிலேயே அந்த 21 இணைப்புகளும் கிடைத்துவிடுகின்றன. ஒரு தீவில் சிலர் இறங்க, வேறு சிலர் ஏறுவர். இருக்கைகளும் வெறுமையாவதில்லை.

பெரிய நாடுகளில் இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வு காணப்பட்டது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் எல்லாம் நடுவிலுள்ள குடத்தில் சேர்வதுபோல, பல ஊர்களின் வானூர்திகள் ஒரு மைய நிலையத்தில் வந்து கூடும். பயணிகள் அங்கே வேறு வானூர்திக்கு மாறிச் செல்வர். பத்து ஊர்களைத் தனித்தனியே இணைக்க 45 வழித்தடங்கள் வேண்டும். அவற்றுள் ஒன்றை மையமாகக் கொண்டால் ஒன்பதே போதும். அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு வானூர்தித் துறையின் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட பின்னர் இம்முறை விரைந்து பரவியது. வருவாய் குறைந்த சிற்றூர்கள் கைவிடப்படலாம் என்ற அச்சமும் அப்போது எழுந்தது. ஆகவே, அத்தகைய ஊர்களின் வான்சேவை தொடர அரசு மானியம் வழங்கும் திட்டமும் உடன் வகுக்கப்பட்டது.

பல இடங்களில் இறங்கிச் செல்வது நிறுவனத்திற்கும் எளிதன்று. ஒவ்வொரு முறை மேலெழும்போதும் எரிபொருள் மிகுதியாகச் செலவாகிறது. சக்கரங்களும் தடைக்கருவிகளும் விரைவில் தேய்கின்றன. சிறு தீவுகளில் பழுது நீக்கும் பணிமனைகள் இல்லை. எனவே, இவ்வானூர்தி தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரையும் உதிரிப் பாகங்களையும் தன்னுடனேயே ஏற்றிச் செல்கிறது. பயணம் நீளமாதலால் கூடுதல் வானோடிகளும் உடன் செல்கின்றனர்.

இவ்வழித்தடம் 1968ஆம் ஆண்டு 'ஏர் மைக்ரோனேசியா' நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. வாரத்தில் சில நாள்களே இயங்கும் இவ்வானூர்தியை எதிர்நோக்கியே தீவு மக்களின் வாழ்க்கை நடைபெறுகிறது. உயர் மருத்துவம் நாடும் நோயாளியும், கல்லூரிக்குச் செல்லும் மாணவரும், அஞ்சல் பைகளும் இதில் செல்வதுண்டு. ஒரு நாள் இது வராவிடில், அந்நோயாளி அடுத்த வானூர்தி வரும்வரை காத்திருக்க நேரும்.

ஹொனலுலுவிலிருந்து குவாமிற்குச் செல்லும் பயணிக்கு ஒவ்வொரு தீவிலும் நிற்கும் நேரம் வீண் தாமதமாகத் தோன்றலாம். கோஸ்ரேயில் வாழ்பவருக்கோ அந்நிறுத்தமே வெளியுலகிற்குத் திறக்கும் வாயில். ஒரு பயண அட்டவணை சிறந்ததா என்பதை வேகத்தை மட்டும் கொண்டு அளந்துவிட இயலாது. அது எத்தனை ஊர்களைத் தனிமையிலிருந்து மீட்கிறது என்பதையும் கருதுதல் வேண்டும்.