ஆடவிட்டால் போதும்

2022 அக்டோபர் 18. ஆஸ்திரேலியாவின் ஜீலாங் மைதானம். டி20 உலகக் கோப்பையில் இலங்கைக்கு எதிராக ஐக்கிய அரபு அமீரகம். 15-வது ஓவரை வீசியவர், சென்னையில் பிறந்து அமீரகத்தில் வளர்ந்த லெக் ஸ்பின்னர் கார்த்திக் மெய்யப்பன். நாலாவது பந்தில் ராஜபக்ச கேட்ச். அடுத்து அசலங்க, மட்டையில் உரசி வந்த பந்தைப் பிடித்த கீப்பர் விருத்தியா அரவிந்தும் சென்னையில் பிறந்தவர்தான். கடைசிப் பந்து கூக்ளி, கேப்டன் ஷனக போல்டு. ஹாட்ரிக்!

சினிமாவாக இருந்தால் கதை நேரே வெற்றியில் போய் முடிந்திருக்கும். நிஜத்தில் அமீரகம் 73 ரன்னுக்குச் சுருண்டது. தோல்வி 79 ரன்னில். இரண்டு நாள் கழித்து, அடுத்த சுற்று கிடையாது என்று தெரிந்தே இறங்கி நமீபியாவை 7 ரன்னில் வென்றது. டி20 உலகக் கோப்பையில் அதன் முதல் வெற்றி. ஆனாலும் தோற்ற ஆட்டத்தின் அந்த ஓவரைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

எளியவர்கள் மோதும் விளையாட்டுப் படங்கள் அலுக்காததற்கும் இதுவே காரணம் என்பேன். கோப்பையை யார் தூக்கினார் என்பது மறந்துபோகும். ஒதுக்கப்பட்டவனை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்ட கணம் மறப்பதில்லை. 'வெண்ணிலா கபடிக்குழு'வில் (2009) ஆடு மேய்க்கும் இளைஞன் கபடிக்காக உயிரையே விடுகிறான். 'லப்பர் பந்து'வில் (2024) அன்புவிடம் திறமைக்குக் குறைவில்லை; சாதிதான் டீமுக்குள் விட மறுக்கிறது. தோற்பதைவிட, கோட்டுக்கு வெளியே நிறுத்தப்படுவதுதான் கொடுமை.

வளைகுடாவில் உழைப்பவர்களுக்கு அதைப் படம் காட்டிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆடம் சோபெல் இயக்கிய 'தி வொர்க்கர்ஸ் கப்' (2017) என்ற ஆவணப்படம் அவர்களைப் பற்றியதுதான். கத்தாரில் கால்பந்து உலகக் கோப்பைக்கான கட்டுமான வேலைகளில் இருந்த ஆசிய, ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள், கம்பெனி வாரியாக டீம் கட்டி ஆடிய போட்டியின் கதை அது. கானாவிலிருந்து வந்த ஓர் இளைஞர், கால்பந்து கிளப்பில் சேரலாம் என்ற ஏஜென்ட்டின் பேச்சை நம்பி விமானம் ஏறியவர். வந்து சேர்ந்த இடம் லேபர் கேம்ப். இப்படி ஏமாந்த கதை நம் ஊர்களிலும் எத்தனை வீடுகளில் இருக்கிறது!

வேலை முடிந்து களைத்து வந்தவர்கள் ஜெர்சி மாட்டியதும் ஆளே மாறிவிடுகிறார்கள். அதுவரை பஞ்ச் கார்டில் வெறும் நம்பராக இருந்தவருக்கு மைதானத்தில் ஒரு பெயர், கத்திக் கூப்பிட நாலு பேர். அந்தப் போட்டி கம்பெனிகளுக்கு நல்ல விளம்பரமாகவும் ஆனது என்பதைப் படம் மறைக்கவில்லை. விசில் ஊதியதும் பஸ் அவர்களை மறுபடி கேம்புக்குத்தான் கொண்டுபோகிறது. அதனால்தான் அவர்கள் போடும் ஒவ்வொரு கோலுக்கும், உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியாமல் எழுந்துவிடுகிறோம்.