அரசியலை வேண்டாத மாணவர்

விழாமலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபொழுது, சங்கச் செய்யுளிலோ திருமுறையிலோ ஒரு பொருளை யாம் எடுத்தாளுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியர்க்கு வகுத்த எல்லை அதுவென்பது உலக வழக்கு. ஆயினும், சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் எம் பழைய மாணவர் ஒருவர் ஆசிரியர் அறைக்கு வந்து அளவளாவிச் சென்ற பின்னர், எம் மனம் வேறொரு பொருளிலேயே தங்கிவிட்டது. அவர் இன்று பல்கலைக்கழகத்திற் கணினி விஞ்ஞானம் பயில்பவர். பள்ளி நாளில் மிருதங்கம் பயின்றவர். விவாத மேடையை விட்டிறங்காதவர். உயர்தரப் பரீட்சை நெருங்கிய வேளையில் அவர் தந்தையார் எம்மிடம் வந்து, “இந்த மேளத்தையும் பேச்சையும் விடச் சொல்லுங்கோ” என்று கேட்டார். யாமும் மாணவரை அழைத்து அவ்வாறே சொன்னோம். அவர் மறுக்கவில்லை. நல்ல பெறுபேறும் பெற்றார். இப்பொழுது எம்முன் அமர்ந்து, “கை மறந்திட்டுது, சேர்” என்று சிரித்துக்கொண்டே கூறினார். அச்சிரிப்பு எம்மைச் சுட்டது.

அன்று அவர் ஒரு பின்லாந்து மாணவரின் வரலாற்றை எமக்குச் சொன்னார். அவர் சொல்லக் கேட்டதையும், அதன் பின் யாம் தேடிப் படித்ததையும் ஈண்டு எழுதுகின்றோம்.

லீனஸ் தோர்வால்ட்ஸ் என்பார் 1969 டிசம்பர் 28இல் ஹெல்சிங்கி நகரிற் பிறந்தார். அவர் தாய்மொழி அந்நாட்டுப் பெரும்பான்மையோரின் மொழியாகிய பின்னிய மொழியன்று, சுவீடிய மொழி. அதனைப் பேசுவோர் பின்லாந்தில் நூற்றுக்கு ஐவர் அளவினரே. எனினும் 1919ஆம் ஆண்டின் அரசியல் யாப்பும் 1922ஆம் ஆண்டின் மொழிச் சட்டமும் இருமொழிகளையும் தேசிய மொழிகளாகவே வைத்தன. மொழிச் சட்டமொன்றினால் விளைந்தவற்றை அறிந்த எம் நாட்டவர்க்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. லீனஸ் பல்கலைக்கழகம் புகுந்த ஆண்டிற் கணினித்துறையில் அவரோடு சேர்ந்த சுவீடிய மொழி மாணவர் மற்றொருவரே இருந்தார். அவர் பெயர் லார்ஸ் விர்சேனியஸ். இருவரும் நண்பராயினர். அந்நட்பினால் விளைந்ததைப் பின்னர்க் காண்போம்.

வீடோ கல்வியும் அரசியலும் நிறைந்த வீடு. தந்தைவழிப் பாட்டனார் ஓலெ கவிஞர், பத்திரிகையாளர். தாயும் தந்தையும் பத்திரிகைத் தொழிலர். தந்தையார் நீல்ஸ் அந்நாளில் தீவிரப் பொதுவுடைமைவாதி. மொஸ்கோவிலும் சென்று பயின்றவர். பின்னாளிற் கட்சி மாறி, 2012 முதல் 2024 வரை ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினராய் இருந்தார். இரசாயனத்துக்கும் சமாதானத்துக்கும் நோபல் பரிசு பெற்ற லைனஸ் போலிங்கின் நினைவாகவே மகனுக்குப் பெயரிட்டனர். மகனுக்கோ, வீட்டில் ஓயாது ஒலித்த அரசியல் சலிப்பையே தந்தது. தமக்கு அரசியல் வேண்டாம் என்ற உறுதியோடு அவர் வளர்ந்தார். கட்சிச் சண்டை மிகுந்த வீடுகளிற் பிறந்த எம் மாணவர் சிலரிடத்தும் இவ்வுறுதியைக் கண்டிருக்கின்றோம்.

தாய்வழிப் பாட்டனார் லியோ தோர்ன்க்விஸ்ட் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியற் பேராசிரியர். 1981ஆம் ஆண்டளவில் அவர் சிறு கணினியொன்றை வாங்கினார். கொமடோர் விக்-20 என்பது அதன் பெயர். அதன் நினைவகம் 5 கிலோபைற்று மாத்திரமே. இக்கட்டுரை முழுவதையும் அது கொள்ளாது. பாட்டனார் தாளில் எழுதித் தந்த நிரல்களைப் பேரன் விசைப்பலகையில் தட்டிக் கொடுப்பான். ஏடெழுதும் பாட்டனாருக்கு ஓலை வாரிக் கொடுத்த பேரப்பிள்ளைகளை இது எமக்கு நினைவூட்டுகின்றது.

1988இற் பல்கலைக்கழகம் புகுந்தார். இடையிற் பதினொரு மாதம் கட்டாய இராணுவ சேவை. திரும்பி வந்து 1990இன் பிற்பகுதியில் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையைப் பயின்றார். பல்கலைக்கழகத்தின் அப்பொறியை ஒரே வேளையிற் பதினாறு பேரே பயன்படுத்தலாம். ஏனையோர் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமின்றி, 1991 ஜனவரி 5ஆந் திகதி தவணைமுறைக் கடனுக்கு ஒரு கணினியை வாங்கினார். ஆம்ஸ்ரடாம் பேராசிரியர் அன்ட்ரூ தனன்பாம் மாணவர்க்கென எழுதிய எழுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூலொன்றைக் கோடை முழுதும் படித்திருந்தார். அந்நூலோடு சேர்ந்த மினிக்ஸ் என்னும் முறைமையை 169 டொலர் கொடுத்து வாங்கித் தம் கணினியில் ஏற்றினார். அதன் குறைகள் விரைவிலே கண்ணிற் பட்டன.

பணிசெயல் முறைமை என்றால் என்ன? கல்லூரியில் ஆய்வுகூடம் ஒன்றே, வகுப்புகளோ பல. எவ்வகுப்பு எப்பாடவேளையில் உள்ளே செல்லும், எப்பொழுது வெளியேறும், யாருடைய போத்தலை யார் தொடலாகாது என்பனவற்றை நேரசூசியோடு நின்று நடத்தும் பிரதி அதிபரைப் போன்றது அது. கணினியிற் செயலி ஒன்றே. அதனைக் கேட்டு நிற்கும் நிரல்களோ பல. மிகச் சிறு நேரத்துக்கு ஒன்றை இயங்கவிட்டு, உடனே நிறுத்தி, மற்றொன்றை இயங்கவிடுகின்றது. மாற்றம் மிக விரைவானதாகலின் எல்லாம் ஒருங்கே நடப்பனவாக நமக்குத் தோன்றுகின்றது. லீனஸ் முதலிற் செய்து பார்த்தது இதனையே. ஒரு நிரல் ‘ஏ’ என்னும் எழுத்தையே எழுதிக்கொண்டிருக்கும். மற்றொன்று ‘பி’ என்பதையே எழுதிக்கொண்டிருக்கும். திரையிற் சில ‘ஏ’க்கள், பின்பு சில ‘பி’க்கள், மீண்டும் ‘ஏ’க்கள். பிறர் காணின் பித்தனின் கிறுக்கல் என்பர். அவருக்கோ, தாம் எழுதியது இரண்டு வேலைகளை மாறி மாறி நடத்துகின்றது என்பதற்கு அதுவே சான்று.

அதனைத் தொலைபேசி வழியே பல்கலைக்கழகக் கணினியோடு பேசும் கருவியாக வளர்த்தார். ஒருநாள், தொலைபேசி இணைப்புக்கு அனுப்ப வேண்டிய கட்டளையைத் தம் வன்தட்டுக்கே அனுப்பிவிட, அதிலிருந்த மினிக்ஸ் அழிந்தொழிந்தது. மினிக்ஸை மீண்டும் ஏற்றுவதா, தாம் எழுதியதையே முழுமையாக்குவதா என்ற கேள்வி எழுந்தது. பின்னதையே தெரிந்தார். தவறுதலால் நேர்ந்த இவ்விழப்பை எம் மாணவர் மிகச் சுவைத்துச் சொன்னார். தாமும் அவ்வாறு ஒருமுறை எல்லாவற்றையும் அழித்திருப்பார் போலும்.

1991 ஆகஸ்ட் 25இல், தாம் ஒரு முறைமையை எழுதி வருவதாகவும் அது பொழுதுபோக்கே என்றும் மினிக்ஸ் பயில்வோர்க்கு அறிவித்தார். செப்ரெம்பரில் முதற் பதிப்பு வெளிவந்தது; ஏறக்குறையப் பதினாயிரம் வரிகள். தம் பெயரை அதற்கு இட நாணி வேறு பெயர் வைத்திருந்தார். அதனைப் பொதுக் கணினியில் ஏற்றி வைத்த நண்பர் அப்பெயரை விரும்பாது ‘லினக்ஸ்’ என்று இட்டார். பெயரை எங்ஙனம் ஒலிப்பது என்று உலகெங்கும் வழக்குண்டாக, லீனஸ் தம் குரலிலேயே ஆங்கிலத்தில் ஒன்றும் சுவீடியத்தில் ஒன்றுமாகப் பதிவுசெய்து வெளியிட்டார். ஒலிப்பைத் தாய்மொழியிலும் சொல்லி வைத்தமையைத் தமிழாசிரியராகிய யாம் மெச்சுகின்றோம்.

பயன்படுத்தியோர் பணம் அனுப்ப முன்வந்தபொழுது, பணம் வேண்டாம், உங்கள் ஊரிலிருந்து அஞ்சலட்டை ஒன்று அனுப்புங்கள் என்றார். நெதர்லாந்திலிருந்தும் யப்பானிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் அட்டைகள் வந்தன. மாணவர் தம் அறையை விட்டு நகரவில்லை. அவர் எழுதியது உலகைச் சுற்றிவிட்டது.

இனி அரசியலுக்கு வருவோம். முதற் பதிப்பின் உரிமத்தில், இதனைக் கொடுக்கும் எவரும் காசு பெறலாகாது என்று எழுதியிருந்தார். அஃது அறமெனவே தோன்றும். ஆயினும் நெகிழ்வட்டுகளிற் படியெடுத்து வழங்கியோர், வட்டின் விலையையேனும் பெறலாகாதா என்று கேட்டனர். கேள்வி நியாயமானது. அப்பொழுதுதான் முன்பு கேட்டிருந்த ஒரு சொற்பொழிவு பயன்பட்டது. நண்பர் லார்ஸ் அவரை ஒருநாள் தொழினுட்பப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தார். அங்கே பேசியவர் அமெரிக்கராகிய றிச்சர்ட் ஸ்ரோல்மன்.

ஸ்ரோல்மன் மென்பொருளின் மூலக் குறிமுறையைப் பூட்டி வைத்தல் தவறென்று 1983 முதல் இயக்கம் நடத்தியவர். நாடுநாடாகச் சென்று பேசியவர். அவர் வகுத்த பொது உரிமத்தின் சாரம் இது: யாரும் படிக்கலாம், மாற்றலாம், படியெடுக்கலாம், விற்கவும் செய்யலாம், ஆனால் பிறர்க்குக் கொடுக்கும்பொழுது மூலத்தையும் அதே உரிமையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். எம் முன்னோர் ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்த கதை நாமறிந்ததே. படியெடுக்கக் கொடாத வீடுகளில் ஏடுகளைச் செல் அரித்தது. கொடுத்த வீடுகளின் ஏடுகளைக் கொண்டே தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். படியெடுத்தவன் தன் படியைப் பூட்டி வைத்தல் கூடாது என்று ஒரு நிபந்தனை அன்றிருந்திருப்பின் எத்தனை நூல்கள் எஞ்சியிருக்குமோ!

1992இன் தொடக்கத்தில் லீனஸ் தம் பழைய உரிமத்தை விடுத்து இவ்வுரிமத்தை ஏற்றார். ஸ்ரோல்மனின் கொள்கை முழுவதும் தமக்கு உடன்பாடன்று என்றும், தாம் அரசியல் செய்யவில்லை, நல்ல மென்பொருளே வேண்டும் என்றும் அவர் கூறிவந்தார். அதனை யாம் ஐயுறவில்லை. ஆயினும் யார் எதனைப் பூட்டலாம், யார் எதனைத் திறக்கலாம் என்று தீர்மானித்தல் அரசியல் அன்றி வேறென்ன? தந்தையார் மேடையிற் பேசியதை மகன் ஓர் உரிமப் பத்திரத்திற் செய்து முடித்தார் என்று சொல்லின் இருவருமே எம்மோடு வழக்காட வருவர்.

ஸ்ரோல்மன் இக்கொள்கையைப் பாட்டாகவும் கட்டியிருக்கின்றார். பல்கேரிய நாட்டுப்பாடல் ஒன்றின் மெட்டில் அமைந்த அதனைக் கூட்டங்களிற் பாடியும் வந்தார். குரலினிமையைப் பற்றி யாம் ஒன்றும் சொல்லோம். எம் மாணவர் கைபேசியில் அதனை ஒலிக்கவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர், தம்மை அறியாமலே மேசையில் விரலால் எண்ணத் தொடங்கினார். ஏழு எண்ணிக்கை, எங்கள் மிஸ்ர சாபு போன்றே ஏழு. மறந்ததாகச் சொன்ன கை மறக்கவில்லை. யாம் ஒன்றும் பேசாது பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தந்தையாரிடம் ‘மேளத்தை விடச் சொல்கின்றோம்’ என்று வாக்களித்த அந்நாள் எம் கண்முன் நின்றது.

செலவுகளைச் சுருங்கச் சொல்வோம். 1993இல் அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரிற் சிறு பென்குயின் ஒன்று லீனஸின் கையைக் கொத்தியது. பின்னர் அப்பறவையே லினக்ஸின் சின்னமாயிற்று. 1994இல் ஜாஸ் இசை பிறந்த நியூ ஓர்லியன்ஸ் நகருக்குச் சென்றார். அங்கே அவர் பேச்சைக் கேட்ட கணினி நிறுவன அலுவலர் ஜோன் ஹோல், அவரோடு மிசிசிப்பி ஆற்றிற் படகிலும் உலாவினார். அச்சந்திப்பின் பயனாக, முற்றும் வேறு அமைப்பையுடைய கணினியொன்று ஹெல்சிங்கிக்கு வந்தது. ஒரே பொறிக்கென எழுதிய லினக்ஸைப் பல பொறிகளிலும் இயங்குமாறு திருத்தும் வேலை அதனோடு விரிந்தது. முதுமாணிப் பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வும் அப்பொருளைப் பற்றியதே. ஊர்சுற்றல் படிப்பைக் கெடுக்கும் என்று சொல்வோர் இதனைக் கவனிப்பாராக. பட்டம் பெற எட்டு ஆண்டுகளுக்கு மேற் சென்றன என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகின்றோம். பெற்றோர் எம்மைக் கடிந்துகொள்ளல் ஆகாதன்றோ. 1997இல் அவர் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார்.

இன்று அண்ட்ரொயிட் கைபேசிகளின் கருவாய் இருப்பது லினக்ஸ். உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூற்றின் பட்டியலில் உள்ளவை யாவும் 2017 நவம்பர் முதல் அதனாலேயே இயங்குகின்றன.

எங்கள் கல்லூரிக் கணினிக் கூடத்தின் மூலையிற் பழைய கணினிகள் நான்கு தூசுபடிந்து கிடந்தன. புதிய வணிக மென்பொருளைத் தாங்காதவை என்று ஒதுக்கப்பட்டவை. விடுமுறை முடியுமுன் எம் மாணவர் அவற்றில் இரண்டில் லினக்ஸை ஏற்றித் தமிழிலேயே திரையைத் திறந்து காட்டினார். அச்சொற்களைத் தமிழாக்கியோர் ஊதியம் பெறாத ஆர்வலர். எந்நிறுவனத்தின் அனுமதிக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. யாம் கண்ணாடியை அணிந்து வாசித்தோம். ஓரிடத்தில் ‘கோப்பை திற’ என்றிருந்தது. இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும். ‘கோப்பைத் திற’ என்றிருத்தல் வேண்டும். ஒற்று இல்லையேல், தேநீர்க் கோப்பையைத் திறக்கச் சொல்வதாக அன்றோ முடியும்! இதைக் கூறி யாம் சினந்தபொழுது மாணவர், “அப்ப நீங்களே திருத்தி அனுப்புங்கோ, சேர். ஆரும் அனுப்பலாம்” என்றார்.

அன்று மாலை ஒரு தகர ஒற்றைச் சேர்த்து அனுப்பினோம். மூன்று வாரத்தின் பின், ஏற்றுக்கொண்டதாக மறுமொழி வந்தது. இப்பொழுது அச்சொற்பட்டியலில் நாற்பதாவது பக்கத்தில் நிற்கின்றோம். வேற்றுமையுருபைக் கண்டபடி விட்டிருக்கின்றார்கள். உதவ விரும்பும் பழைய மாணவர் வெள்ளிக்கிழமைகளிற் பாடசாலை விட்ட பின் கணினிக் கூடத்துக்கு வரலாம். மிருதங்கம் வாசிக்கத் தெரிந்தவரும் வரலாம். எம் மாணவர் அடுத்த விடுமுறைக்குத் தம்முடையதைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கின்றார்.