பவர் கட்டிலும் தெரு முழுக்க லைட் எரியுமா? மைக்ரோகிரிட்டை எப்படி சோதிக்கிறார்கள்?

மாடியில் சோலார் போட்ட பலருக்கும் ஒரு குறை உண்டு. வெளியே நல்ல வெயில், ஆனால் பவர் கட் என்றால் வீட்டில் ஃபேன் சுற்றாது. பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்த சோலார் என்றால் அப்படித்தான். லைனில் கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் தானாக நின்றுவிட வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால், கம்பத்தில் ஏறிய லைன்மேன் மீது உங்கள் வீட்டு கரண்ட் பாயும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது கன்னியாகுமரி மாவட்டத்தில் மின்கம்பங்கள் சரிந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவதுதான் மைக்ரோகிரிட். உதாரணமாக, மயிலாடியில் ஒரு தெருவில் 20 வீடுகளில் சோலாரும் பேட்டரியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளி லைன் போனதும் அந்தத் தெரு தன்னைத் துண்டித்துக்கொண்டு, தனித் தீவு மாதிரி ஓடும்.

சரி, அந்தத் தீவுக்கு யார் மேஸ்திரி? யாருமே கிடையாது. பத்துப் பேர் சேர்ந்து பெரிய கல்லைத் தூக்கும்போது, அவரவர் தோளில் ஏறும் பாரத்தை வைத்தே நிதானித்துக்கொள்வார்கள் இல்லையா? அப்படித்தான் ஒவ்வொரு இன்வெர்ட்டரும் லைனின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துத் தன் பங்கைக் கூட்டும், குறைக்கும்.

தனித்தனியாகப் பாஸ், சேர்ந்தால் ஃபெயில்

சிக்கலே இங்கேதான். 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்து, மின்னழுத்தம் அடுத்தடுத்து சரிந்தது. இத்தனை முறைக்கு மேல் சரிந்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள் என்று காற்றாலைகளின் சாஃப்ட்வேரில் ஒரு செட்டிங் இருந்தது. 9 காற்றாலைப் பண்ணைகள் அதன்படியே நடந்தன. 7 விநாடிக்குள் 456 மெகாவாட் காணாமல் போனது, மாநிலமே இருண்டது. ஒவ்வொரு இயந்திரமும் தன்னைக் காத்துக்கொண்டது, அவ்வளவுதான். அப்படி ஒரு செட்டிங் இருப்பதே கிரிட்டை நடத்தியவர்களுக்குத் தெரியாது. முப்பந்தல் காற்றாலைகளைத் தினமும் பார்க்கிற ஊர்க்காரர்கள் கேட்டு வைக்க வேண்டிய கதை இது.

பின் எப்படி சோதிப்பது?

இன்வெர்ட்டரைத் தனியாக ஆய்வகத்தில் சோதிக்க ஐ.எஸ். 16169 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. ஆனால் 20 வீடுகள் சேர்ந்தால்? ஆன், ஆஃப் என்று மட்டும் எண்ணினாலே 10 லட்சத்துக்கும் அதிகமான நிலைகள் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆயுசு போதாது.

அதனால் இரண்டு வழிகள். ஒன்று, கம்ப்யூட்டரில் ஒரு பொய்யான கிரிட்டை ஓடவிட்டு, அதில் நிஜக் கண்ட்ரோலரை இணைப்பது. புயல், ஷார்ட் சர்க்யூட், தாமதமாக வரும் சிக்னல் என எல்லாவற்றையும் கொடுத்துப் பார்க்கலாம். யாருக்கும் ஷாக் அடிக்காது. இன்னொன்று கணிதம். எந்த நிலையில் இருந்தாலும் மின்னழுத்தம் இந்த எல்லையைத் தாண்டாது, வெளி லைனுக்கான சுவிட்ச் திறக்காமல் தீவு ஓடாது என்று சமன்பாடுகளால் நிரூபிப்பது.

நிரூபித்தாலும், இன்வெர்ட்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் வந்தால் மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும். லைன்மேனும் கம்பியில் கரண்ட் இல்லை என்று டெஸ்ட் செய்து, எர்த் ராட் மாட்டிய பிறகே கை வைக்க வேண்டும்.