தசை தேறிய பின்னும் தோலைப் பாருங்கள்

குழந்தையின் மேல் இமையில் கருஞ்சிவப்புப் படர்வு, விரல் மூட்டுகளின் மேல் சொரசொரப்பான தடிப்பு, கூடவே படியேறவும் தரையிலிருந்து எழவும் தடுமாற்றம். இவை சேர்ந்து வந்தால் ஜுவனைல் டெர்மட்டோமயோசைட்டிஸ் என்னும் தசை அழற்சி நோயா என்று பார்த்தாக வேண்டும். உடலின் எதிர்ப்பு மண்டலமே சிறு ரத்தக்குழாய்களையும் தசையையும் தோலையும் தாக்குவதால் வருவது, தொற்றாது. ஆண்டுக்குப் பத்து லட்சம் குழந்தைகளில் 2 முதல் 4 பேருக்கு வருகிறது. நம் நிறத் தோலில் பாடநூல் சொல்லும் ஊதா நிறம் பல நேரம் எடுப்பாகத் தெரியாது, வெறும் கருமையாகத் தோன்றும். அலர்ஜி என்று களிம்பு பூசியே மாதங்கள் ஓடிவிடுகின்றன. இவ்வளவு அரிய நோய்க்காக எல்லாப் பெற்றோரையும் பயமுறுத்தலாமா என்று கேட்கலாம். நான் கேட்பது பெரிதல்ல: தசை வலுவைச் சோதிப்பதும் சிபிகே (தசை நொதி) உள்ளிட்ட ரத்தப் பரிசோதனையும்தான். சிபிகே சரியாக இருந்தாலும் நோய் இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட் சிகிச்சையில் பிள்ளை மறுபடி ஓடத் தொடங்கியதும், தோலில் மிஞ்சுவதை அழகுப் பிரச்சினையாக ஒதுக்குகிறோம். இது ஆபத்தான தவறு. தோலில் நோய் கனன்றுகொண்டிருந்தால், முழங்கை, முட்டி, புட்டம் ஆகிய இடங்களில் சுண்ணாம்புக் கட்டிகள் உருவாகலாம். சிகிச்சை தாமதமான பிள்ளைகளுக்கு இது அதிகம். இன்னொன்று லிப்போடிஸ்ட்ரோபி. நோய் வந்து சில ஆண்டுகள் கழித்துக்கூட முகத்திலும் கைகால்களிலும் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு கரைகிறது. சேர இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் ரத்தத்திலும் தேங்கி, இன்சுலினுக்கு உடல் மசியாமல் போய், சர்க்கரை நோய்வரை கொண்டுவிடும். ஸ்டீராய்டைக் குறைத்ததால்தான் முகம் வற்றியது என்பார்கள். ஸ்டீராய்டால் வந்த வீக்கம் வடிந்தால் பழைய முகம் திரும்பும். லிப்போடிஸ்ட்ரோபியிலோ கன்னம் ஒட்டி, கைகால் ரத்தநாளங்கள் புடைத்து, கழுத்து மடிப்பு கறுக்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு, கல்லீரல் பரிசோதனைகளை அப்போதே கேளுங்கள். போன கொழுப்பை மீட்க உறுதியான வழியில்லை. சர்க்கரையையும் டிரைகிளிசரைடையும் கட்டுப்படுத்த வழியுண்டு. எதுவானாலும் ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்தக் கூடாது. வெயிலிலிருந்து தோலைக் காப்பதும் சிகிச்சையின் பகுதியே.

பின்விளைவு ஆண்டுகள் கழித்து வருவதால் பழைய குறிப்புகள் கையில் இருப்பது அவசியம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள். உள்நோயாளிக் குறிப்புகளை மருத்துவர் வைத்திருக்க வேண்டியது 3 ஆண்டுகள் மட்டுமே. ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போதே முழு நகலை எழுதிக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முகம், கைகால்களைப் படமெடுத்து, தேதியோடு அதே கோப்பில் சேருங்கள்.